கத்தி படாத சிகிச்சை

செந்துறைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வாழ்கிற என் சித்தி மகளிடம் ஒரு மஞ்சப்பை உண்டு. மகனின் ஆதார், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, திருச்சியில் ஒரு மையம் எழுதித் தந்த மதிப்பீட்டு அறிக்கை, குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். பையனுக்கு ஆறு வயது. ஆட்டிசம். வாரம் இரண்டு நாள் ஸ்பீச் தெரபிக்கும் ஆக்குபேஷனல் தெரபிக்கும் வரச் சொன்னார்கள். காலையில் கிளம்பி அரியலூர் போய், அங்கிருந்து திருச்சி பஸ் பிடித்து, முக்கால் மணி நேர தெரபி முடித்துத் திரும்பினால் இருட்டிவிடும். அன்றைக்கு நூறு நாள் வேலையும் கிடையாது, களையெடுப்பும் கிடையாது. நான்கு மாதம் போனாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

போன பொங்கலுக்கு வந்தபோது அந்த அட்டையை எடுத்துக் காட்டிக் கேட்டாள்: "அக்கா, இத வச்சு இவனுக்குப் பேச்சு வர ஏதாச்சும் பண்ணுவாங்களா? அஞ்சு லட்சம்னு போட்டிருக்கே."

பண்ண மாட்டார்கள். ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

தமிழ்நாட்டின் அரசுக் காப்பீட்டை நான் குறைத்துப் பேச வரவில்லை. 2009 ஜூலையில் உயிர்காக்கும் உயர் சிகிச்சைகளுக்காகத் தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாகி, 2018இல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது அது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் நகையும் நிலமும் போகாமல் காப்பாற்றப்பட்ட குடும்பங்கள் நம் ஊர்களில் ஏராளம். என் கேள்வி, அது எதைச் சிகிச்சை என்று எண்ணுகிறது என்பது.

காப்பீட்டுக்குக் கணக்கின் அலகு 'பேக்கேஜ்'. ஒரு நோய், ஒரு செயல்முறை, ஒரு விலை. பெரும்பாலும் அட்மிஷன் உண்டு, படுக்கை உண்டு, டிஸ்சார்ஜ் உண்டு. ஆட்டிசத்தில் இவை எதுவும் இல்லை. குழந்தையோடு தரையில் உட்கார்ந்து, பந்தை உருட்டி, ஒரு சொல்லுக்காகக் காத்திருந்து, மறுநாளும் அதையே செய்ய வேண்டும். இது ஆண்டுக்கணக்கில் நடக்கிற வேலை. பேக்கேஜ் பட்டியலில் இதற்கு இடமில்லை.

'பேச்சுப் பயிற்சிக்குக் காப்பீட்டில் பணம் தர முடியாது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதே திட்டத்தில் காது கேளாத சிறு குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை உண்டு. அதற்குப் பின் குழந்தை கேட்கவும் பேசவும் பழகும் பயிற்சிக்கும் அதிலேயே பணம் தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் கவனியுங்கள்: அறுவை சிகிச்சையின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தால் பேச்சுப் பயிற்சி உள்ளே நுழைய முடிகிறது. கத்தி படாத குழந்தைக்கு அதே பயிற்சி வாசலிலேயே நின்றுவிடுகிறது. ஆக, தடை பணம் மட்டுமில்லை. எது மருத்துவம், எது 'வெறும் கவனிப்பு' என்கிற பார்வையும்தான்.

அந்தக் கவனிப்பை யார் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். 2019இல் இந்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம்; ஆண்கள் 97. ஆட்டிசக் குழந்தை உள்ள வீட்டில் இந்த இடைவெளி எவ்வளவு விரியும் என்று சொல்லத் தேவையில்லை. மையத்தில் தருகிற 'வீட்டுப் பயிற்சி'த் தாளில் 'பெற்றோர்' என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்து, மனப்பாடம் செய்து, சோறு ஊட்டும்போதும் குளிப்பாட்டும்போதும் செய்து பார்ப்பவள் அம்மா.

இதற்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1940களில் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்த காலத்திலிருந்தே பெற்றோரின் 'குளிர்ந்த' சுபாவம் பற்றிய பேச்சு கூடவே வந்தது. 1967இல் புருனோ பெத்தல்ஹைம் தன் புத்தகத்தில் அதை முழுக் குற்றச்சாட்டாக்கினார். 'ஃப்ரிட்ஜ் அம்மா' என்ற வசவு உலகம் சுற்றியது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், இது உடலியல் காரணம் கொண்டது, தாய் வளர்ப்பின் கோளாறு இல்லை என்று எழுதியிருந்தார். அறிவியல் அவர் பக்கம் போனது. ஊர் இன்னும் பெத்தல்ஹைம் பக்கம் நிற்கிறது. "வயித்துல இருக்கும்போது போனையே பார்த்துக்கிட்டிருந்தியா?", "டிவி போட்டு விட்டுட்டு வேலை பாத்தியா?" என்று என் தங்கையைக் கேட்டவர்கள் பெத்தல்ஹைமைப் படித்தவர்கள் இல்லை. அன்று தாய் குற்றவாளி. இன்று அவள் சம்பளமில்லாத தெரபிஸ்ட். குழந்தை பேசாவிட்டால் இரண்டு பழியும் அவளுக்கே.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றது. அதன் 25ஆம் பிரிவு, குடும்ப வருமான வரம்புக்கு உட்பட்டு, குறிப்பாகக் கிராமப்புறங்களில், அருகிலேயே இலவச மருத்துவ வசதி வேண்டும் என்கிறது. 24ஆம் பிரிவு பராமரிப்பாளர் படியையும் விரிவான காப்பீட்டையும் பேசுகிறது. 'அருகிலேயே' என்ற அந்தச் சொல்லைச் செந்துறை பஸ் நிறுத்தத்தில் நின்று வாசித்துப் பாருங்கள்.

ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் 'நிராமயா' காப்பீடு ஒரு விதிவிலக்கு. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. படுக்கையில் சேராமல் எடுக்கும் தெரபிக்கும் ஓர் உள்வரம்புக்குள் பணம் உண்டு. படுக்கையைத் தாண்டிச் சிந்தித்த திட்டம் என்பதால் இதைப் பாராட்ட வேண்டும். ஆனால் முதலில் கைக்காசைக் கட்டி, பில் வாங்கி, பிறகு அனுப்பித் திரும்பப் பெற வேண்டும். கடனுக்குக் கைமாற்று வாங்கித் தெரபிக்குப் போகிற கூலிப் பெண்ணால் எத்தனை மாதம் காத்திருக்க முடியும்? பில் வேண்டுமென்றால், பில் போடுகிற தெரபிஸ்டும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

அப்படியானால் காப்பீட்டில் தெரபியைச் சேர்த்துவிட்டால் தெரபிஸ்டுகள் வந்துவிடுவார்களா? அமெரிக்காவில் இதைச் செய்து பார்த்தார்கள். ஆட்டிச சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர வேண்டும் என்று 2001இல் இண்டியானா மாநிலம் சட்டமாக்கியது. 2019இல் டென்னஸியோடு 50 மாநிலங்களும் முடிந்தன. இந்தக் காலத்தில் நடத்தைப் பயிற்சியாளர்களின் எண்ணிக்கை பல மடங்கு பெருகியது. பணம் வரும் என்று தெரிந்தால் ஆட்கள் படித்து வருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வசதியான நகரங்களில் குவிந்தார்கள். கிராமப்புற மாவட்டங்கள் காத்துக்கொண்டே இருந்தன. முதலீட்டு நிறுவனங்கள் மையங்களை வாங்கிப் போட்டன. காப்பீடு எந்தப் பயிற்சிக்குப் பணம் தந்ததோ அதுவே 'சிகிச்சை' ஆனது. அந்தப் பயிற்சி தங்களை 'சாதாரணமாக' நடிக்கவைத்தது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் இன்று எதிர்த்துப் பேசுகிறார்கள்.

இதை நம் இரண்டு மாவட்டங்களில் வைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர், அரியலூரில் 7.55 லட்சம் பேர். பருத்தியும் மக்காச்சோளமும் சுண்ணாம்புக்கல்லும் தருகிற மண். நாளைக்கே அட்டையில் தெரபி சேர்ந்தாலும், அந்தப் பணம் வேப்பந்தட்டைக்கோ ஆண்டிமடத்துக்கோ வராது. திருச்சிக்கும் சென்னைக்கும் போகும். பஸ் டிக்கெட்டும் போன கூலியும் அம்மாவின் கணக்கிலேயே நிற்கும்.

பதிவு பெற்ற தெரபிஸ்டாக ஆவது யார் என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. குழுமூர் அனிதா 2017 செப்டம்பர் 1 அன்று நம்மை விட்டுப் போனாள். 2022இல் அரியலூருக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதன் அரங்கம் அவள் பெயரைத் தாங்கியிருக்கிறது. மருத்துவராகும் உரிமைக்காக நாம் போராடினோம், போராட வேண்டும். ஆனால் பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர் படிப்புகளுக்கு நம் ஊர்ப் பெண் பிள்ளைகளை யார் அழைக்கிறார்கள்? படித்து முடித்தவளுக்குச் சொந்த மாவட்டத்தில் நிரந்தர வேலை எங்கே?

அரசிடம் கட்டமைப்பே இல்லை என்று சொல்ல முடியாது. 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு வர வேண்டும். மாவட்டத்துக்கு ஓர் ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்க வேண்டும். உலக வங்கி உதவியோடு 'விழுதுகள்' சேவை மையங்களும் வருகின்றன. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே போகிறது. முதியவரின் முழங்காலுக்கு வாசல் வரை வர முடிந்த அரசால் குழந்தையின் பேச்சுக்கும் வர முடியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, சிறப்புப் பட்டம் இல்லாத சுகாதாரப் பணியாளர்களும் பயிற்சி பெற்றால் ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோருக்கு வழிகாட்ட முடியும் என்று காட்டியது. நம்பிக்கை தருகிற செய்தி. ஆனால் நம் ஆட்சியாளர்கள் இதை எப்படி மொழிபெயர்ப்பார்கள் என்று பயமாக இருக்கிறது: இன்னொரு பதிவேட்டை அங்கன்வாடி ஊழியரின் தலையில் கட்டி, மிச்சத்தை அம்மாவிடம் விட்டுவிடலாம். பெண்களின் மலிவான உழைப்பால் நிரப்பினால் அது சேவை வழங்கல் ஆகாது.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை. காக்ளியர் குழந்தைக்குத் தருவதுபோல ஆட்டிசக் குழந்தைக்கும் தெரபிக்குக் காப்பீட்டில் பணம், கைக்காசு கட்டாமல். வட்டாரம்தோறும் நிரந்தரப் பணியிடத்தில் தெரபிஸ்ட். பயணத்துக்கும் போன கூலிக்கும் ஈடு. பராமரிப்பாளர் படி அம்மாவின் பெயரில், உதவியாக இல்லாமல் ஊதியமாக.

என் தங்கை இப்போது கிராமசபையில் மனு கொடுக்கப் போகிறாள். என்ன எழுதுவது என்று போனில் கேட்டாள். "ஐந்து லட்சம் வேண்டாம், வாரம் இரண்டு நாள் ஒரு ஆள் வரட்டும்" என்று எழுதச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அஞ்சு லட்சமும் வேணும்க்கா, எனக்கு ஆபரேசன் வந்தா?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இரண்டையும் எழுதினோம்.