மின்சிகரெட்டும் மலையகமும்: ஒரு மதிப்பீடு

மின்சிகரெட்டுப் பற்றி மேனாடுகளில் நிகழும் அறவாதம் ஈழத்து மலையகத்திற்கு எவ்வளவிற் பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது. 2003 ஆம் ஆண்டளவிற் சீன நாட்டு மருந்தாளர் ஹொன் லிக் ஆக்கிய இக்கருவி, புகையிலையை எரிப்பதில்லை. நிக்கொற்றீன் கலந்த நீர்மத்தை மின்கல வெப்பத்தால் ஆவியாக்குகின்றது. எரிதல் இன்மையின், புகையிலுள்ள தார் முதலிய நச்சுப் பொருள்கள் பெரிதும் குறைகின்றன.

அதனால், நெடுநாட் புகைப்போருக்கு இது சிறு தீமை என்பர் ஒருசாரார். இங்கிலாந்தில் அன்றிருந்த அரசினர் பொதுச் சுகாதார அமைப்பு, இது சிகரெட்டினும் ஏறத்தாழ 95 வீதம் தீங்கு குறைந்தது என 2015 இல் மதிப்பிட்டது. அம்மதிப்பீட்டிற்குச் சான்று போதாதென்றும், இன்சுவையூட்டிய ஆவி புகைத்தறியாத இளைஞரையும் அடிமையாக்கும் என்றும் மறுப்பர் மற்றொரு சாரார். இந்தியா 2019 இல் இதன் உற்பத்தியையும் விற்பனையையும் சட்டத்தால் தடுத்தது. இலங்கையில், 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் 2016 இல் எழுந்த விதிகள், புகையிலை அடங்கிய மின்சிகரெட்டையும் புகையில்லாப் புகையிலைப் பொருள்களையும் ஒருங்கே தடைசெய்தன.

சிறு தீமை என்னும் வாதம் சிகரெட்டையே அளவுகோலாகக் கொண்டது. நுவரெலியா, ஹற்றன் தோட்டங்களிலோ, சிகரெட்டினும் வெற்றிலையோடு கலந்த புகையிலையே ஆடவர் பெண்டிர் இருபாலாரிடத்தும் வேரூன்றியது. மழையிலும் பனியிலும் இருகைகளாலுங் கொழுந்தெடுப்பவள் புகைத்தற்கு நேரமில்லாதவள். கடைவாயில் அடக்கிய வெற்றிலையே அவளுக்குக் குளிரையும் பசியையும் மறைப்பது. புகையை அறியாதவளுக்குப் புகையற்ற கருவியாற் குறையும் தீங்கு யாது? வெற்றிலைக்கு மாற்றாக அதனைக் கொள்ளலாமே எனின், விலையும் வேலையும் அதற்கு இடந்தரா. ஆதலின் அவ்வாதம் இங்கே வலியிழக்கின்றது. வேலை தேடித் தலைநகர் செல்லும் தோட்டத்து இளைஞரைக் கருதுமிடத்துத் தடை நேரியதே.

ஆயினும், தடையோடு அறம் நிறைவெய்தியது எனல் தவறு. இலங்கை ஆடவரிடை மிகுந்து காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றே. புகையிலை சேராத பாக்குங்கூடப் புற்றை விளைப்பதென்பதைச் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இல் வெளியிட்டது. புதிய கருவியைக் கண்டு வெகுள்வோர், பழகிய வெற்றிலையை மரபென்று விடுப்பர். மங்கல வினைகளில் தாம்பூலம் தொன்றுதொட்ட வழக்கென்பது உண்மையே. ஆனால், புகையிலை அமெரிக்கக் கண்டத்தினின்று ஐரோப்பியர் வழியே வந்தது. மரபின் பெயரால் அதற்கு அடைக்கலந் தருதல் பொருந்தாது. மரபிலுள்ள பாக்குத்தானும், மரபென்னும் ஒன்றினாலே நஞ்சு நீங்கியதாகாது.

நோயைத் தணிக்குமுன் அதன் காரணத்தை ஆராய்க என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் உணர்த்தும் நெறி. தோட்டத்தில் அக்காரணம் குளிரிலும் நீண்ட வேலையிலும் குறைந்த கூலியிலும் கிடக்கின்றது. இவை மாறும்வரை, வாயினுள் ஆறாத வெண்படையோ செம்படையோ தோன்றிய பொழுதே மருத்துவரிடங் காட்டினால் உயிர் காக்கலாம் என்பதையேனும் லயந்தோறும் அறிவித்தல் வேண்டும். மின்சிகரெட்டைத் தடுத்த சட்டத்தினும் தோட்டத்து மக்களுக்கு இவ்வறிவிப்பே பெரிதும் பயன்படுவதாகும்.