வேலிக்கு அந்தாண்ட நிற்கிறவள்

சூரியனுக்கும் காத்துக்கும் சாதி கிடையாது என்கிறார்கள். இருக்கட்டும். காற்றாடி நட்ட நிலத்துக்குச் சாதி இருக்கிறது. சூரியத் தகடு பதித்த காட்டுக்குப் பட்டா இருக்கிறது. மாற்று மின்சாரத்தைப் பற்றிய படங்களை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். கரண்டு எப்படி வந்தது என்று எல்லாப் படமும் சொல்லும். அதை வரவிடாமல் மறித்தவன் யார் என்று எந்தப் படம் சொல்கிறது?

சிவெட்டெல் எஜியோஃபோர் இயக்கிய 'தி பாய் ஹூ ஹார்னஸ்டு த விண்ட்' 2019இல் வந்தது. ஆப்பிரிக்காவின் மலாவியில் நடந்த கதை. 2001-02 பஞ்ச காலம். பீசு கட்ட வழியில்லாமல் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேற்றப்படுகிறான் வில்லியம் காம்குவாம்பா. நூலகப் புத்தகத்தைப் பார்த்து, பழைய இரும்பையும் அப்பனோட சைக்கிளையும் வைத்துக் காற்றாடி கட்டுகிறான். அந்த ஒத்தச் சைக்கிளை அப்பன் விட்டுக்கொடுக்க மறுக்கிற இடத்தில் வறுமை எப்படிப் பேசும் என்பதைப் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. பஞ்சம் வானத்திலிருந்து மட்டும் விழவில்லை என்பதும் அதற்குத் தெரிகிறது. பொதுக்கூட்டத்தில் அரசைத் தட்டிக்கேட்ட ஊர்த்தலைவரை ஆளும் கட்சி ஆட்கள் அடித்துப் போடுகிறார்கள்.

கடைசியில் கோட்டை விடுகிறது. காற்றாடி சுத்துது, தண்ணி பாயுது, பஞ்சம் தீருது. நிசத்தில் அவன் கட்டிய முதல் காற்றாடி கொடுத்தது சில பல்புகளும் ரேடியோவும்தான். தண்ணீர்ப் பம்பு பின்னால் வந்தது. ஒரு புள்ளையோட மூளையே பட்டினியைத் தீர்த்துவிடும் என்றால், பட்டினி போட்டவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. கெட்டிக்காரனாக இல்லாத மத்த புள்ளைகள் சாகலாமா?

மோனா எல்டெய்ஃபும் ஜெஹான் நுஜைமும் 2012இல் எடுத்த 'சோலார் மாமாஸ்' ஆவணப்படம் இந்தத் தப்பைச் செய்யவில்லை. ஜோர்டான் பாலைவனத்து பெதூயின் பெண் ரஃபேயா, நாலு பெண் பிள்ளைகளுக்குத் தாய். ராஜஸ்தான் திலோனியாவில் பங்கர் ராய் 1972இல் தொடங்கிய பேர்ஃபுட் காலேஜுக்கு ஆறு மாசப் பயிற்சிக்கு வருகிறாள். எழுத்துத் தெரியாத பொம்பளைகளும் அங்கே நிறத்தை அடையாளம் வைத்து சர்க்யூட்டைப் படித்துக்கொள்கிறார்கள். தலாக் சொல்லிடுவேன், புள்ளைங்களைப் பறிச்சிடுவேன் என்று புருசன் மிரட்ட, பாதியில் ஊர் திரும்புகிறாள். மறுபடியும் கிளம்பி வருகிறாள். விளக்கு எரிவதற்கு முன்னால் வீட்டுக்குள் ஒரு சண்டை நடந்தாக வேண்டும் என்பதைப் படம் மறைக்கவில்லை. அதனால்தான் இதை நான் பெரிய படம் என்கிறேன்.

இவை இரண்டும் சின்ன வெளிச்சத்தின் கதைகள். திலோனியா இருக்கிற இதே நாட்டில், கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியப் பூங்கா நிற்கிறது. நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். தொடக்கத்தில் ஏக்கருக்கு வருசம் 21,000 ரூபாய். நிலம் வைத்திருந்தவனுக்குக் குத்தகைப் பணம் வருகிறது. அதே நிலத்தில் களை பறித்துக் கூலி வாங்கியவளுக்கு என்ன வருகிறது? ஆடு மேய்த்தவன் எங்கே போவான்? பட்டா இல்லாதவனோடு குத்தகை ஒப்பந்தம் யாரும் போடுவதில்லை. நிலம் யார் கையில் சேர்ந்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பது நமக்குப் புதுச் செய்தியா என்ன?

கேமரா தூக்குகிற தோழர்கள் தகட்டின் பளபளப்பை எடுத்தது போதும். வேலிக்கு அந்தாண்ட நிற்கிற கூலிக்காரியிடம் போய்க் கேளுங்கள். அவள் சொல்வதிலிருந்து அடுத்த படம் தொடங்கட்டும்.