கரடிக்குள் ஒருவன்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் 2014 விதிநூலை நான் கதைநூல் மாதிரிதான் வாசிப்பேன். அது சொல்லாமல் விட்ட இடத்தில்தான் மேசையில் சண்டை வரும்.

ஒரு ட்ரூயிட், வைல்ட் ஷேப் ஆற்றலால் பழுப்புக் கரடியாகிறான். 34 உயிர்ப்புள்ளி. தோழி அவன்மேல் பாலிமார்ஃப் மந்திரம் போட்டு ராட்சதக் குரங்காக்குகிறாள். 157. குரங்கு விழுந்தால் எழுவது கரடியா, மனுஷனா?

வெவ்வேறு மந்திரங்களின் விளைவுகள் சேரும் என்கிறது நூல். ஆனால் வைல்ட் ஷேப் மந்திரமே இல்லையே, அது ட்ரூயிட்டின் இயல்பு. அங்கேதான் வாக்குவாதம். என் வாசிப்பு இது: பாலிமார்ஃப் கலைந்தால் உருமாறுவதற்கு முன்னிருந்த புள்ளிக்குத் திரும்பணும். முன்னிருந்தது கரடி. ஆகவே கரடிதான் எழும். வரிசையை மாற்றினால் கதை வேறு. பாலிமார்ஃப் முதலில் வந்தால் அவனிடம் மிஞ்சுவது விலங்கின் குணங்கள் மட்டுமே, வைல்ட் ஷேப் செய்ய வழியில்லை.

2024 திருத்தத்தில் இரண்டுமே தற்காலிகப் புள்ளிகள்தான் தருகின்றன. அவை ஒன்றோடொன்று கூடாது, ஏதாவது ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம். கணக்கு சுத்தம். ஒரு பொறியாளனாக எனக்குத் திருப்திதான், வாசகனாக இல்லை. கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளில் விட்டுவந்த உடல் என்னாகும் என்பதுதானே பதற்றம்? பழைய விதியில் கரடிக்கென்று ஓர் உயிர் இருந்தது. புதியதில் அது வெறும் கவசம்.

அதனால் நான் ஆட்டம் நடத்தினால் பழைய விதிதான். தீர்ப்பைச் சண்டைக்கு முன்பே சொல்லிவிடுவேன். எதிரிக்கும் அதே தீர்ப்பு.