ஊராய்வும் அளவையும்

ஆராய்ச்சி நூலொன்றைப் படிப்போர் அதன் முடிபை மட்டும் நோக்குதல் போதாது; அம்முடிபு எவ்வழியாற் பெறப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். சைவ சித்தாந்த நூலார் அளவையைக் காண்டல், கருதல், உரை என மூன்றாகக் கொண்டனர். நேரிற் கண்டறிவது ஒன்று; கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது ஒன்று; நம்பத்தக்கார் சொல்லால் அறிவது மற்றொன்று. இன்றைய சமுதாய ஆய்வுகளையும் இவ்வுரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம்.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியற் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், தென்னிந்தியச் சிற்றூர்கள் சிலவற்றைப் பற்றி 1918இல் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். வினாநிரல் ஒன்றை வகுத்து, மாணவர் கையிற் கொடுத்து, அவரவர் ஊரை ஆராய்ந்துவரச் செய்ததன் பயனே அந்நூல். ஏட்டளவில் நின்ற பொருளியலை வயல் வரப்பிற்குக் கொண்டுவந்தது அவர் செய்த பெருந்தொண்டு. ஊர்ப்பெயரை மறையாது எழுதியமையால், தென்னார்க்காட்டு இருவேல்பட்டைப் பின்வந்தோர் 1936-37இலும், 1981இலும், 2008இலும் மீண்டும் ஆராய முடிந்தது. முன்னோர் கூற்றைப் பின்னோர் சோதிக்க இடந்தருவதே ஆராய்ச்சியின் சிறப்பு.

ஆயினும் குறையொன்றுண்டு. வினாநிரலுக்குக் கிடைத்த விடைகளுட் பல காண்டல் அல்ல, உரையே. அட்டவணையில் ஏறியதும் அவை காண்டல்போலத் தோன்றுகின்றன. அக்காலத்திற் கல்லூரியை எட்டியோர் பெரும்பாலும் நிலமுடைய குடியினர். படியாளோ கடனால் நிலக்கிழாரிடம் கட்டுண்டவன். நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை வந்து, "உன் கடன் எவ்வளவு?" என்று வினவினால் அவன் என்ன சொல்வான்? தொகையைச் சரியாகவே சொல்லக்கூடும். அத்தொகை அவனுக்கு உதவியா, தளையா என்பதை எண் காட்டாது.

ரவீந்திர ஜெயின் கையாண்ட முறை வேறு. அவர் 1960களின் தொடக்கத்தில் மலாயா இரப்பர்த் தோட்டமொன்றில் தங்கி ஆராய்ந்து, 1970இல் நூல் வெளியிட்டார். உடன்வாழ்ந்தமையால், மக்கள் சொல்வதையும் செய்வதையும் ஒப்பிட்டுக் காண முடிந்தது. ஆனால் தோட்டத்திற்குப் 'பால் மெலாயு' என்று புனைபெயரிட்டார். அது தொழிலாளர்க்குக் காப்பு. பின்வந்து சரிபார்க்க விரும்புவோர்க்குத் தடை. சிலேட்டர் முறையிற் சோதனை எளிது, நெருக்கம் குறைவு. ஜெயின் முறையில் நெருக்கம் மிகுதி, சோதனை அரிது. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புமேயன்றி, எதுவும் தனித்து நிறைவுடையதன்று.

ஜொகூர் வாசகர்க்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. இங்கே கித்தாக்காடுகள் பல செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறிவிட்டன. தோட்ட வரலாற்றைக் கிராணியாரின் கணக்கேடு ஒருவிதமாகச் சொல்லும். பால்மரம் சீவிய மூதாட்டி வேறுவிதமாகச் சொல்வார். எத்தனை நாள் பெரட்டுக்கு வந்தார் என்பதை ஏடு கூறும். வராத நாளில் ஏன் வரவில்லை என்பதைக் கூறாது. மூதாட்டி காரணத்தைக் கூறுவார், ஆண்டு பிறழக்கூடும். இரண்டையும் ஒருங்கே வைத்துக் கருதினாலன்றி உண்மை புலப்படாது.

ஆகவே, முதியோரிடம் செய்தி திரட்டி வர மாணவரை அனுப்பும் ஆசிரியர், விடையை மட்டும் எழுதப் பழக்குதல் போதாது. கேட்டவர் யார், சொன்னவர் யார், அருகிருந்தவர் யார் என்பனவும் அவ்வேட்டில் ஏறவேண்டும். இருவேல்பட்டுக்கு மீண்டும் சென்று பார்க்க ஊர் இருந்தது. மறைந்த தோட்டத்திற்கு அந்த வாய்ப்பில்லை.