சதுர அடியும் நாவலும்

நம்முடைய கதைகளில் வீட்டை விற்கிறவர்கள் ஏராளம், வாங்குகிறவர்கள் அபூர்வம். பூர்விக வீட்டை விற்றுவிட்டுத் திண்ணைத் தூணைக் கட்டிக்கொண்டு அழுகிற கிழவரை எத்தனையோ கதைகளில் பார்த்துவிட்டோம். ஒண்டுக் குடித்தனத்துக் குழாயடிச் சண்டையும் நமக்குப் பழகிப் போன சமாசாரம். ஆனால் சந்தடி மிகுந்த ஒரு தெருவில், மூன்றாவது மாடியில் 600 சதுர அடியை வாங்குவதற்காகப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதனை நம் நாவலாசிரியர்கள் அவ்வளவாக ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. விலை, வட்டி, தவணை எல்லாம் குமாஸ்தா விவகாரம், இலக்கியத்துக்கு ஆகாது என்ற எண்ணம் போலும்.

1961-ல் வெளியான நைபாலின் ‘பிஸ்வாஸின் வீடு’ நாவலைப் படித்தவர்கள் இந்த எண்ணத்தை விட்டுவிடுவார்கள். டிரினிடாடில் ஒரு பத்திரிகை நிருபர், ஆயுள் முழுவதும் மாமனார் வீட்டு ஜனங்களோடு மல்லாடிவிட்டுக் கடைசியில் ஒரு வீடு வாங்குகிறார். விலை 5,500 டாலர். அவர் 46 வயதில் சாகும்போது அதில் 3,000 டாலர் கடன் பாக்கி. வாங்கிய பிறகுதான் மாடிப்படியின் லட்சணமும், ஜன்னல்கள் சாத்த வராததும் தெரிகின்றன. இந்தத் தொகைகளை எடுத்துவிட்டால் நாவலில் உயிர் இராது. கடன் எவ்வளவு என்று நமக்குத் தெரிவதனால்தான் அந்தக் கோணல் வீடு அந்த மனிதருக்கு எவ்வளவு பெரியது என்பதும் தெரிகிறது.

தமிழில் இந்தக் காரியத்தைச் செய்தது நாவல் அல்ல, சினிமா. 1988-ல் வந்த பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் கடன் மனுவும், காண்டிராக்டரின் சிமெண்டுத் திருட்டும் கதாபாத்திரங்களுக்குச் சமமாக நடமாடுகின்றன. பாதி எழும்பிய வீட்டின் மனை குடிநீர் வாரியத்துக்குப் போய்விட்டது என்ற செய்தி வரும்போது, ஒவ்வொரு செங்கல்லுக்கும் கணக்கு வைத்திருந்த நமக்கு வயிற்றைப் பிசைகிறது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ ஒரு குடத்துக்கு அதே மரியாதையைக் கொடுத்தது. ஆனால் அதில் வருகிறவர்கள் வாடகைக்கு இருக்கிறவர்கள்.

நான் குடியிருக்கும் நெய்வேலியைப் போல இந்த விஷயத்துக்குப் பொருத்தமான ஊர் வேறில்லை. 1956-ல் கம்பெனி ஏற்பட்டு, மறு வருஷம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்த காலத்திலிருந்து, இந்த நகரியத்தில் வீடு என்பது கம்பெனி கொடுப்பது. வட்டத்துக்கு ஒரு நம்பர், குவார்ட்டர்ஸுக்கு ஒரு நம்பர். வாசலில் வேம்பு, கொல்லையில் பலா, முருங்கை. பிள்ளை பிறப்பது முதல் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வரை எல்லாம் அங்கேயே நடந்துவிடும். பட்டா மட்டும் கிடையாது. 60 வயதில் வேலை முடிகிறபோது சாவியைத் திருப்பித் தர வேண்டும். மற்ற ஊர்களில் முப்பதில் பிடிக்கிற வீட்டுக் கவலை இங்கே அறுபதில் பிடிக்கிறது. அதுவும் கிராஜுவிட்டி, பி.எஃப். என்று ஒரே ஒரு தடவை கைக்கு வரும் பணத்தோடு.

பக்கத்து வீட்டுக்காரர் சென்ற மாதம் மேற்கு மாம்பலத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். ரயிலடி பக்கம், மார்க்கெட் பக்கம், ஆஸ்பத்திரி பக்கம். எல்லாம் பக்கம்தான்.

“800 சதுர அடின்னு சொன்னான் சார். டேப் வெச்சு அளந்தேன். 600-க்குக் கொஞ்சம் மேலே வருது. மீதி எங்க சார் போச்சு?”

மீதி மாடிப்படியிலும், லிஃப்டிலும், நடையிலும், சுவரின் கனத்திலும் போயிற்று. வெளிச்சுவரையும் பால்கனியையும் நீக்கி உள்ளே புழங்குகிற இடம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என 2016-ல் சட்டம் வந்தது. ஆனாலும் பேச்சில் பெரிய நம்பருக்குத்தான் மவுசு. நிலத்தில் அவருக்கு வருவது ‘பிரிபடாத பாகம்’. உண்டு, ஆனால் எந்த மூலை என்று காட்ட முடியாது. அத்வைதிகள்கூட இப்படியொரு சொல்லைக் கண்டுபிடிக்கவில்லை!

அவர் மனைவி டேப்பைத் தொடவில்லை. “கறிவேப்பிலைக் கன்னு எங்க வெக்கறது?” என்று மட்டும் கேட்டாராம். அவர் பதில் சொல்லவில்லை. இரண்டு நாள் பேச்சு வார்த்தை கிடையாது.

இங்கேதான் நம் கதாசிரியர் ஆசைக்கு ஆட்படுவார். கொல்லையில் பலாவை அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் கண்ணீர் விடுவதாக எழுதி முடித்துவிடுவார். எனக்கு அந்தக் கதை வேண்டாம். ஏனென்றால் அந்தப் பலா நிற்கிற மண்ணுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. 1935-ல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தலை காட்டியது. பிறகு சுரங்கத்துக்கும் நகரியத்துக்குமாகக் கிராமங்கள் காலியாயின. அவர்களும் முற்றத்தையும் மரத்தையும் விட்டுத்தான் போனார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வாங்கி நின்ற நெல்லின் மேலேயே வாய்க்கால் வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நஷ்ட ஈட்டுத் தொகையை எண்ணி வாங்கிய விவசாயியும், ஓய்வுத் தொகையை எண்ணிக் கொடுக்கிற என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒரே நாவலின் இரண்டு அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் எழுதினால், பெரிய நம்பரைச் சொல்லி வீடு விற்கிற தரகருக்கும் நமக்கும் அதிக வித்தியாசம் இராது.

அவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். பால்கனி நாலடிக்கு ஒன்பதடி. தொட்டி வைக்கலாமா என்று அடுக்குமாடிச் சங்கத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.