உயராத கோடும் எச்சரிக்கையே

இதய மின்வரைபடத்தில் எஸ்.டி. பகுதி உயர்ந்தால்தான் தமனி அடைப்பு, உயராவிட்டால் அச்சமில்லை என்று எளிய விளக்கங்கள் பல கூறுகின்றன. இது ஆபத்தான அரைகுறை உண்மை. மின்வரைபடம் அடைப்பைப் படம்பிடிப்பதில்லை. மின்னழுத்த வேறுபாட்டையே அளக்கிறது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். வழக்கமாக மார்பின் முன்புறத்தில் ஆறு மின்வாய்கள் பொருத்துவர், முதுகில் ஒன்றுமில்லை. ஆகவே இதயத்தின் பின்சுவர் தாக்குண்டால், முன்புறப் பதிவில் கோடு உயராமல் தாழ்ந்து தெரியும். முதுகில் மின்வாய் வைத்தால் உயர்வு வெளிப்படும்.

வேறொரு விதிவிலக்கும் உண்டு. 2008-இல் ஆம்ஸ்டர்டாமின் டி விண்டர் குழுவினர் விவரித்த நோயாளிகளுக்கு இடது முன்னிறங்கு தமனி அடைபட்டிருந்தது, ஆனால் எஸ்.டி. தாழ்வில் தொடங்கி மேலேறி, உயரமான டி அலையுடன் இணைந்தது.

விதியைச் சொல்லும் நூல் விதிவிலக்கையும் சொல்ல வேண்டாமா? நெஞ்சுவலி நீடித்தால், கோடு உயரவில்லை என்று ஆறுதலடைந்து வீட்டிலிருந்துவிடாதீர்கள்.