ஓரம் சீவிய சீட்

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் சீட் உயரம் 825 மில்லிமீட்டர். உயரம் குறைந்தவர்கள் சிக்னலில் நுனிக்காலில் தவிக்க இது போதும். சஸ்பென்ஷனைத் தாழ்த்தலாம் என்பார்கள். தாழ்த்தினால் வண்டியின் அடிப்பகுதி வேகத்தடையில் உரசக்கூடும், சைடு ஸ்டாண்டில் வண்டி நிமிர்ந்து நின்று மறுபக்கம் விழப் பார்க்கும். அதைவிடச் சீட் தைப்பவரின் கைவேலையே மேல். ரெக்சினை உரித்து, டேங்கை ஒட்டிய பகுதியில் ஸ்பாஞ்சின் இரு ஓரங்களையும் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி ரெக்சினைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஸ்டேப்ளர் அடிப்பார். உயரம் அதேதான், தொடைகள் அகலாமல் நேராக இறங்குவதால் பாதம் தரையை எட்டிவிடும்.

ஸ்பாஞ்சு குறைந்தால் நெடும்பயணத்தில் வலிக்காதா என்பது நியாயமான கேள்வி. நடுவில் தோண்டினால் வலிக்கும். ஓரத்தை மட்டும் சீவினால் உட்காரும் இடத்து மெத்தை அப்படியே இருக்கும். இரண்டு பாதமும் முழுதாகப் பதியவேண்டும் என்பதும் இல்லை. ஒன்று உறுதியாக ஊன்றினால் போதும். ஆகவே முதலில் ஓரத்தைக் குறையுங்கள். உயரத்தில் கைவைப்பது அதன் பிறகு.